வளைந்த விரல்கள், 1 லட்சம் கண்கள்: புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண் சிவந்தால் யார் விசாரிப்பது? டாக்டர் வி-யின் கதை

கண்புரை ஆபரேஷன் என்றால் இப்போதெல்லாம் வீட்டில் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. குமரி மாவட்டத்துக்காரர்களில் சிலர் நாகர்கோவிலிலேயே செய்துகொள்கிறார்கள். சிலர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். இன்னும் பலர் வடசேரியில் பஸ் ஏறி திருநெல்வேலி போய், கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மறுநாளே பார்வை பளிச்சென்று ஆகிவிடுகிறது.

ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ அப்படி நடப்பதில்லை. கண் சிவக்கிறது, வீங்குகிறது, பார்வை மங்குகிறது. ஒரே நாளில், ஒரே தியேட்டரில் ஐந்தாறு பேருக்கு இப்படி ஆனால் அது தலைப்புச் செய்தி. அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே தப்பு நடந்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய மாதிரி ஒரு மருத்துவமனையை எப்படி நடத்துவது என்று தமிழ்நாட்டில் செய்து காட்டியவர் டாக்டர் ஜி.வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர். எல்லோருக்கும் 'டாக்டர் வி'. அவருடைய கதையில் பலருக்குத் தெரிந்த பகுதி, ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. அதிகம் பேசப்படாத பகுதி, அழற்சி.

முதலில், அழற்சி என்றால் என்ன?

உடம்பில் காயமோ, கிருமியோ, ஒவ்வாத பொருளோ வந்தால், உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தையும் வெள்ளை அணுக்களையும் அனுப்பிச் சண்டை போடும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். முழங்காலில் சிராய்ப்பு பட்டால் நாலு நாளில் சரியாகிவிடும். கண்ணுக்குள் கதை வேறு. அங்கே இடம் ரொம்பக் குறைவு. கருவிழியின் உள்பக்கத்தைத் தெளிவாக வைத்திருக்கும் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி வளராது. அதனால் சின்னச் சண்டை கூடப் பார்வையைப் பறித்துவிடலாம்.

டாக்டர் வி-க்கு அழற்சி பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் மட்டும் இல்லை. அவர் உடம்பிலேயே அது இருந்தது.

ஊரில் டாக்டரே இல்லை

1918 அக்டோபர் 1. எட்டயபுரம் வட்டாரத்தில் வடமலாபுரம் என்ற கிராமம். விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் வெங்கடசாமி. சின்ன வயதில் ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுதித்தான் படித்தார்கள். ஊரில் மருத்துவர் கிடையாது. சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவ காலத்தில் அடுத்தடுத்து இறந்துபோனதைச் சிறுவனாக இருந்தபோதே பார்த்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் தொடங்கியது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பட்டம். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் எம்.பி.பி.எஸ். அடுத்த ஆண்டே ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் முடக்குவாதம் வந்தது. 'ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்று சொல்வார்களே, அதுதான். உடம்பின் பாதுகாப்புப் படையே தன் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய். 1948-இல் ராணுவம் அவரை அனுப்பிவிட்டது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நிற்பதே பெரும்பாடு. விரல்கள் கோணலாக வளைந்து, பேனாவைப் பிடிக்கக்கூட முடியவில்லை. பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு முடிந்தது.

இதில் ஒரு காலப் பொருத்தம் இருக்கிறது. அதே 1948-இல்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதல்முறையாகக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகளின் காலம் அங்கே தொடங்கியது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று புரை ஆபரேஷன் முடிந்ததும் வாரக்கணக்கில் விடச் சொல்லும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் இருப்பது அதே குடும்பத்து மருந்துதான். மூட்டில் எரியும் நெருப்பும் கண்ணில் எரியும் நெருப்பும் அடிப்படையில் ஒன்று என்பதால்தான் மருந்தும் ஒன்றாக இருக்கிறது.

வளைந்த விரலால் கண் ஆபரேஷனா?

கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். மில்லிமீட்டர் கணக்கில் கத்தி வைக்க வேண்டிய துறை அது. ஆனாலும் கண் மருத்துவத்தில் சேர்ந்து 1951-இல் டிப்ளமோ முடித்தார். தன் விரல்களின் வளைவுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். பொறுமையாகப் பழகினார். பிற்காலத்தில் ஒரே நாளில் 100 ஆபரேஷன் வரை செய்யக்கூடியவர் ஆனார். வாழ்நாளில் அவர் கைப்பட செய்த கண் ஆபரேஷன்கள் 1 லட்சத்துக்கும் மேல்.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர் ஆனார். கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே வருஷம்தான். அன்றைக்குத் தென் மாவட்டங்களில் புரை வந்த கிழவரோ கிழவியோ செய்யக்கூடியது என்ன? திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான். பார்வை போவது வயசானால் வரும் விதி என்றே பலரும் நினைத்தார்கள். பெரிய ஊருக்குப் போய்வர பஸ் காசும், கூட வர ஆளும், விட்டுப் போகும் கூலியும் அவர்களை வீட்டிலேயே முடக்கிவிட்டன.

நோயாளி வரவில்லை என்றால் நாம் போக வேண்டும் என்று முடிவு செய்தார். 1960-களில் கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

முகாமில் இருந்த சிக்கல்

அந்தக் கால முகாம்கள் இன்றைய முகாம்கள் மாதிரி இல்லை. பள்ளிக்கூடம், சத்திரம், கல்யாண மண்டபம் என்று கிடைத்த இடத்தைக் கழுவித் துடைத்து அங்கேயே ஆபரேஷன் செய்வார்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள் நாட்கணக்கில் வரிசையாகப் பாயில் படுத்திருப்பார்கள். நல்ல எண்ணத்தோடு நடந்த வேலை. ஆனால் தண்ணீர், தூசு, கருவி கொதிக்க வைக்கும் அடுப்பு எதுவும் முழுக்க மருத்துவர் கட்டுப்பாட்டில் இல்லை.

முகாம் கலைந்த பிறகு ஒருவருக்குக் கண் சிவந்தால்? டாக்டர் அடுத்த ஊரில் இருப்பார். நோயாளி உள்ளூர் மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிப் போட்டுக்கொள்வார். எத்தனை பேருக்கு இப்படி ஆனது என்ற கணக்கே எங்கும் வராது. கணக்கு இல்லையென்றால் காரணத்தைத் தேடவும் முடியாது.

பின்னாளில் அரவிந்த் இந்த முறையையே மாற்றியது. முகாமில் பரிசோதனை மட்டும். ஆபரேஷன் தேவைப்படுபவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிவந்து, சிகிச்சை முடித்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது. பார்த்தால் போக்குவரத்து ஏற்பாடு மாதிரி தெரியும். தொற்றைத் தடுப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

58 வயசில் 11 படுக்கை

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பென்ஷனோடு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவரோ மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே உள்ளே வந்தது. நகைகளும் வீடும் அடமானத்துக்குப் போயின. ஸ்ரீ அரவிந்தர் மேல் இருந்த ஈடுபாட்டால் அவர் பெயரையே வைத்தார்.

பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பார், முடியாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்கு இந்த மாடல் தெரிந்திருக்கும். உலகின் பெரிய பிசினஸ் ஸ்கூல்களில் பாடமாகவே நடத்துகிறார்கள். மெக்டொனால்ட்ஸ் கடைகளில் எந்தக் கிளையிலும் ஒரே தரம் கிடைப்பது அவரை ரொம்பவே யோசிக்க வைத்தது. கண் சிகிச்சையையும் ஏன் அப்படித் தர முடியாது என்பதுதான் அவருடைய கேள்வி.

அதற்கு அவர் உருவாக்கிய முறை: ஒரு சர்ஜனுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். கிராமத்துப் பெண்களைப் பிளஸ் டூ முடித்ததும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். மருந்து விடுவது, கருவி சுத்தம் செய்வது, சர்ஜனுக்கு உதவுவது என்று ஒவ்வொருவரும் ஒரு வேலையை, ஒரே மாதிரி, தினமும் செய்வார்கள்.

1988-இல் திருநெல்வேலியில் கிளை வந்தது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை வரை போக வேண்டிய தேவை குறைந்தது.

வேகம் என்றால் ஆபத்து இல்லையா?

நியாயமான கேள்வி. ஒரு நாளைக்குப் பத்து ஆபரேஷன் நடக்கும் இடத்தில் ஒரு உப்புக் கரைசல் பாட்டில் கெட்டிருந்தால் பாதிப்பு ஓரிருவருக்கு. நூற்றுக்கணக்கில் நடக்கும் இடத்தில் அதே தப்பு பெரிய கூட்டத்தையே பாதிக்கும். டாக்டர் வி-யின் மாடலில் இருந்த உண்மையான அபாயம் இதுதான்.

ஆனால் அதே எண்ணிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பிரச்சினையைச் சின்ன ஆஸ்பத்திரி வருஷத்தில் ஒருமுறைதான் பார்க்கும். அதைத் தற்செயல் என்று விட்டுவிடும். பெரிய ஆஸ்பத்திரி ஒழுங்காகக் கணக்கு வைத்தால், எண்ணிக்கை கொஞ்சம் ஏறினாலே கண்டுபிடித்துவிடலாம். எந்த சர்ஜன், எந்த நாள், என்ன சிக்கல் என்று எழுதிவைத்துத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அரவிந்தில் வேலையின் ஒரு பகுதியாகவே ஆனது.

லென்ஸ் வந்தது, புதுக் கேள்வியும் வந்தது

பழைய புரை ஆபரேஷனில் கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். பதிலுக்கு சோடா பாட்டில் அடி மாதிரி தடித்த கண்ணாடி. கண்ணாடி உடைந்தால் மறுபடி பார்வை இல்லாத நிலைதான்.

கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் யோசனையை 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் முதன்முதலாகச் செய்து பார்த்தவர் ஹரால்ட் ரிட்லி. ஆனால் ஆரம்பகால நோயாளிகள் சிலருக்குக் கடுமையான அழற்சி வந்தது. லென்ஸைக் கிருமி நீக்க முக்கி எடுத்த செட்ரிமைடு என்ற மருந்தின் மிச்சம் அதில் ஒட்டியிருந்ததே முக்கியக் காரணங்களில் ஒன்று என்று தெரிய வந்தது. கிருமியைக் கொல்லப் போட்ட மருந்தே கண்ணைக் காயப்படுத்தியிருக்கிறது. கருவி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, சுத்தம் செய்த பொருளும் அதில் மிஞ்சக்கூடாது என்ற பாடம் அன்றிலிருந்து இன்றுவரை செல்லுபடியாகிறது.

1980-களில் பணக்கார நாடுகளில் லென்ஸ் சாதாரணமாகிவிட்டது. இந்தியாவில் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. ஏழை நாடுகளுக்கு இது சரிப்படுமா என்று சர்வதேச அளவிலேயே பலர் தயங்கினார்கள். டாக்டர் வி-க்கோ, பணம் உள்ளவருக்கு ஒரு பார்வை, இல்லாதவருக்கு வேறு பார்வை என்பதை ஏற்க முடியவில்லை. 1992-இல் மதுரையில் 'ஆரோலேப்' தொடங்கப்பட்டது. அங்கே லென்ஸ் சுமார் 10 டாலருக்குத் தயாரானது. பிறகு விலை இன்னும் இறங்கியது. பாட்டிகள் இப்போது சர்வசாதாரணமாக லென்ஸ் வைத்தாச்சு என்று சொல்வதற்குப் பின்னால் இந்த ஃபேக்டரி இருக்கிறது.

கண் சிவந்தால் எப்படி விசாரிப்பார்கள்?

இங்கேதான் முக்கியமான பிரிவினை. ஆபரேஷனுக்குப் பிறகு லேசான சிவப்பும் உறுத்தலும் இயல்பு. அதைத் தாண்டினால் டாக்டர்கள் இரண்டு சாத்தியங்களைப் பார்ப்பார்கள்.

முதலாவது, கிருமித் தொற்று. பொதுவாக ஆபரேஷன் முடிந்து சில நாட்களுக்குள் வரும். பெரும்பாலும் வலி இருக்கும், பார்வை வேகமாக இறங்கும். கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டியிருக்கும். தாமதித்தால் பார்வையே போகலாம்.

இரண்டாவது, நச்சு அழற்சி. மருத்துவர்கள் இதை 'டாஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கருவிழி முழுக்க வீங்கி வெளுத்துப்போகும், வலி அதிகம் இருக்காது. இதில் கிருமி இல்லை. ஏதோ ஒரு பொருள் உள்ளே போய் எரித்திருக்கிறது. ஸ்டீராய்டு மருந்துக்குப் பெரும்பாலும் அடங்கும்.

ஒரே நாளில் பலருக்கு வந்தால் தியேட்டரை நிறுத்திவிட்டு விசாரணை தொடங்கும். அன்றைக்கு யார் யாருக்கு ஆபரேஷன்? எந்த மேஜை? எந்தத் தட்டுக் கருவிகள்? உப்புக் கரைசல், ஜெல், லென்ஸ், ஊசி மருந்து ஒவ்வொன்றின் பேட்ச் நம்பர் என்ன? ஆட்டோகிளேவ் சரியான சூட்டை எட்டியதா? கருவியின் மெல்லிய குழாய்களுக்குள் சோப்பு மிச்சம் இருக்கிறதா? பாதிக்கப்பட்டவர்களையும் பாதிக்கப்படாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு தரப்புக்கு மட்டும் பொதுவாக இருக்கும் பொருள் கண்ணில் படும். 2005-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படி ஒரு பாதிப்பு பரவியபோது, விசாரணை கடைசியில் போய் நின்றது ஒரு உப்புக் கரைசலில். பாக்டீரியா செத்த பிறகும் மிஞ்சும் எண்டோடாக்ஸின் என்ற நச்சு அதில் கலந்திருந்தது.

பேட்ச் நம்பரை எழுதி வைக்காத தியேட்டரில் இந்த விசாரணை முதல் படியிலேயே நின்றுவிடும். அப்புறம் பழி யார் மேல் வேண்டுமானாலும் விழும்.

அவர் போன பிறகு

2006 ஜூலை 7 அன்று டாக்டர் வி காலமானார். வயது 87. அவர் விட்டுப்போன கணக்குப் பழக்கம் தொடர்ந்தது. அரவிந்த் டாக்டர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 42,000-க்கும் மேற்பட்ட புரை ஆபரேஷன்களில் கண்ணுக்குள் தொற்று வந்தது 38 பேருக்கு, அதாவது 0.09%. நச்சு அழற்சி பற்றி 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில், சுமார் 26,400 ஆபரேஷன்களில் 60 பேர், அதாவது 0.22%. தங்கள் மருத்துவமனையில் வந்த சிக்கலைத் தாங்களே எண்ணி உலகத்துக்குச் சொன்னார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

எண்ணியதால் பலனும் கிடைத்தது. ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தினால் தொற்று குறையுமா என்று 6 லட்சம் ஆபரேஷன்களை வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவு: 0.07% இருந்தது 0.02% ஆக இறங்கியிருந்தது. சதவீதமாகப் பார்த்தால் சின்ன எண். லட்சம் பேரில் 70 என்பது 20 ஆகியிருக்கிறது. அந்த வித்தியாசத்தில் இருப்பது 50 பேரின் கண்.

நமக்கு இதில் என்ன வேலை?

இந்தக் கணக்கு முழுமையாக ஒரு ஆள் வேண்டும். அது மருத்துவமனையில் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கிறார். ஆபரேஷன் செய்துகொண்ட அப்பாவோ ஆச்சியோ, பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வலியைச் சொல்லாமல் இருந்துவிடலாம். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் கண்ணுக்கும் ஆபத்து, அந்தச் சிக்கல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

எனவே வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஆபரேஷனுக்கு மறுநாளும், அடுத்த ஒரு வாரமும் தினம் ஒரு போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். நேற்றைவிட பார்வை மங்குகிறதா? வலி கூடுகிறதா? சிவப்பு ஏறுகிறதா? ஒன்றுக்கு 'ஆமா' என்று பதில் வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் லென்ஸ் அட்டையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். லென்ஸின் நம்பர் அந்த அட்டையில்தான் இருக்கும். விசாரணை தேவைப்பட்டால் முதலில் கேட்பார்கள்.